மேட்டுத்தெருப் பக்கம் ஒரு கதவு

வீட்டை இடிக்காமல் அப்படியே தூக்கிப் பின்னால் நகர்த்திவிடலாம் என்று யாரோ சொன்னபோது சவரிமுத்து சிரித்துவிட்டான். மேரிசெல்வி சிரிக்கவில்லை. ரோட்டுக்காரர்கள் வந்து ஹால் சுவரில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவளுக்கு எதற்கும் சிரிப்பு வருவதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை நாலு வழியாக்குகிறார்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் இரண்டு பக்கமும் புளியமரம், டீக்கடை, பெட்டிக்கடை, வீட்டு முகப்பு என்று எல்லாம் போய்க்கொண்டிருந்தது. வெள்ளோடைப்பாக்கத்தில் காலனியின் கடைசி வீடு மேரிசெல்வியுடையது. ரோட்டைப் பார்த்த வீடு. கோடு சரியாக ஹாலின் நடுவில் விழுந்தது.

"கோட்டுக்கு முன்னால இருக்கறது மட்டும்தாம்மா போகும். மீதி உங்களுக்குத்தான்" என்றார் அளக்க வந்தவர், ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர் போல.

மீதி என்றால் பாதி ஹால், ஒரு பெட்ரூம், ஒரு சமையலறை. மாடிப்படி போய்விடும். முன்வரிசைத் தூண்கள் போய்விடும். தூண் போன பிறகு தளம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று அவள் கேட்டாள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "இன்ஜினியர் யாரையாவது கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மேரிசெல்வி புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவள். சவரிமுத்து உப்பு லாரி ஓட்டுகிறான். இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய வீடு அது. தளம் போட்ட சமயம் மேரிசெல்வி டூட்டிக்குப் போவதற்கு முன்னால் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மாடியில் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ஃபெஞ்சல் புயலில் கழுவெளி ஏரித் தண்ணீர் காலனிக்குள் ஏறியபோது பாதிக் காலனி அவள் மாடியில்தான் கிடந்தது. வீட்டில் மயிரிழை விரிசல் விழவில்லை. அதைப் பாதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சுவரை வைத்து அடைத்துக்கொண்டு அதற்குள் இருக்க அவள் தயாராக இல்லை.

அதனால் திருமுருகனைத் தேடிப் பிடித்தது அவள்தான். வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிற தொழில் அவனுக்கு. சென்னையில் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிப்போனவர்கள் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து அரை நாள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். தூண் ஓரம் தோண்டி அடித்தளத்தைப் பார்த்தான்.

"யக்கா, நல்லா கம்பி போட்டு கட்டியிருக்கீங்க. கீழ அறுத்து, வரிசையா ஜாக்கி குடுத்து தூக்கி, இரும்பு பாதை போட்டு உருட்டிடலாம். பயப்படாதீங்க. ஆனா எங்க கொண்டு போய் உக்கார வைக்கறது? அத காட்டுங்க."

இடத்துக்குக் குறைவில்லை. சவரிமுத்துவின் அப்பா காலத்துப் பட்டா நிலம், ரோட்டிலிருந்து பின்னால் நீளமாகப் போகும். பின்பாதியில் சவுக்கு வைத்திருந்தார்கள். புயலில் பாதி சாய்ந்தது, மீதியை வெட்டி விற்றாயிற்று. மூன்று பேரும் கட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். நடுவில் பள்ளம். வெயில் காலத்தில்கூட மண் ஈரமாக, மேலே உப்பு பூத்துக் கிடந்தது.

"இங்க வச்சா அடுத்த மழைக்கே வீடு தண்ணியில நிக்கும்" என்றான் திருமுருகன். இன்னும் பின்னால் போனார்கள். நிலம் ஏறியது. கடைசியில் வேலிகாத்தான் புதர், அதைத் தாண்டி ஒரு சிமென்ட் தெரு. அந்தத் தெரு இருப்பதுதான் ஊரிலேயே உயரமான மண். அதனால் மேட்டுத்தெரு என்று பெயர். எந்த மழையிலும் அங்கே தண்ணீர் நின்றதில்லை. திருமுருகன் குதிகாலால் தரையை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இங்கதாங்க்கா. இதான் எடம்" என்றான்.

சவரிமுத்து அந்தத் தெருவைப் பார்த்தான். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தான்.

"பஞ்சாயத்துல ஒரு அனுமதி மட்டும் வாங்கிடுங்க" என்றான் திருமுருகன் போகும்போது. "பழைய வீடாவே இருந்தாலும், எடம் மாறி உக்காந்தா புது கட்டடம் கணக்குதான். பேப்பர் இல்லாம நான் ஜாக்கி இறக்க மாட்டேன். ஒரு ஊர்ல பாதி வழியில நிறுத்திட்டாங்க. வீடு அந்தரத்துல தொங்கிச்சுக்கா, ஒரு மாசம்."

பஞ்சாயத்துத் தலைவர் முருகையன் மேரிசெல்வியோடு பத்தாவது வரை ஒரே வகுப்பில் படித்தவர். மேட்டுத்தெருக்காரர். அவள் போனதும் "வா மேரி, உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். பேப்பரை வாங்கிப் பார்த்து, "நீயெல்லாம் கேட்டு நான் இல்லன்னு சொல்லுவனா? ஆனா வீட்ட நகத்தறதுன்னு இந்த ஊர்ல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. விழுப்புரத்துல டவுன் பிளானிங் ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடு. நமக்கும் பாதுகாப்பு" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. "சரிங்க தலைவரே" என்று எழுந்து வந்தாள்.

லீவு போட்டுவிட்டு விழுப்புரம் போனாள். நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஓர் இளம்பெண் அதிகாரி சர்வே எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். வரைபடத்தைத் திருப்பி மேரிசெல்விக்கே காட்டினாள்.

"முழுசா குடியிருப்பு பகுதியிலதாம்மா வருது. முன்னாலயும் சரி, பின்னாலயும் சரி. கடற்கரை கட்டுப்பாடு எல்லாம் இவ்ளோ தூரம் வரல. இந்த அளவு வீட்டுக்கு உங்க பஞ்சாயத்தே அனுமதி குடுக்கலாமே. எதுக்கு இங்க அனுப்பினாங்க?"

"தெரியலங்க மேடம்."

அந்தப் பெண் தான் சொன்னதையே எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தாள். மேரிசெல்வி அதை முருகையனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"இது சரி. கழுவெளி பக்கத்துல இருக்குது இல்ல? பறவை, சதுப்பு நிலம்னு நாளைக்கு எவனாவது கேஸ் போட்டுட்டா? ஃபாரஸ்ட்டு ஆபீஸ்ல ஒரு கடிதம் வாங்கிடு."

இன்னொரு லீவு. வனத்துறை அலுவலகத்தில் எல்லை அங்கே இல்லை, எங்களுக்கும் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மின்வாரியம். அதற்குப் பிறகு ரோட்டுக்காரர்களிடம் ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம். ரோட்டு இன்ஜினியர் அதைக் கொடுக்கும்போதே, "சீக்கிரம் பண்ணுங்கம்மா. எங்க மிஷின் உங்க ஊர் பக்கம் வந்துடும். அப்ப வந்து அழுதா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று எச்சரித்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தால், பஞ்சாயத்து மன்றக் கூட்டம் நடக்கவில்லை. அடுத்த முறை போனால், கூட்டம் நடந்தது, ஆனால் அவளுடையதை எடுக்க நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் லீவு கேட்கப் போய், "உங்க வீடு நகருதோ இல்லையோ, நீங்க வேலைய விட்டு நகர்ந்துகிட்டே இருக்கீங்க" என்று சூப்பர்வைசர் சொன்னார். அதை எல்லார் முன்னாலும் சொன்னார். மேரிசெல்வி வார்டுக்குத் திரும்பி வந்தாள். அங்கே மூன்றாவது கட்டிலில் முருகையனின் அண்ணன் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு வருடமாக அவருக்கு ஊசி போடுவது மேரிசெல்விதான். வேறு யார் போட்டாலும் வலிக்கிறது என்பார். அவள் ஊசியைப் போட்டாள். 

பஞ்சாயத்து எழுத்தர் சிலம்பரசன் சின்ன வயதுக்காரன். ஒருநாள் அவள் வெளியே வரும்போது சைக்கிள் ஸ்டாண்டு வரை கூடவே வந்தான்.

"அக்கா, உங்க பேப்பர்ல ஒரு குறையும் இல்ல. எல்லாம் அவர் டேபிள் மேலதான் இருக்குது. இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பினா போகாதீங்க. நேரா கேட்டுடுங்க."

"என்னத்த கேக்கறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு பஞ்சாயத்துக் கட்டடத்துக்குள் திரும்பிப் போய்விட்டான்.

அவளும் திரும்பி அவன் பின்னாலேயே உள்ளே போனாள். முருகையன் போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை அவர் மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"தலைவரே, இன்னும் என்ன வேணும்? ஒரே தடவையில சொல்லிடுங்க."

முருகையன் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேரி, உங்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. எனக்கு ஒண்ணுமில்ல. நான் அப்படியெல்லாம் பாக்கறவன் இல்ல, உனக்கே தெரியும். தெருவுல நாலு பேரு சங்கடப்படறாங்க."

"எந்தத் தெருவுல?"

"மேட்டுத்தெருவுலதான்."

"என் எடத்துல என் வீடு வந்து உக்காந்தா அவங்களுக்கு என்ன சங்கடம்?"

"ரோட்டு பக்கம் நீ எப்படி வேணா இருந்துக்க. யாரும் ஒண்ணும் சொல்லல இல்ல? இப்ப உன் சமையல்கட்டு கதவு நேரா தெருவ பாத்து வருது. அம்மன் ஊர்வலம் அந்த வழியாதான் போவுது. காலையில எழுந்து கதவ தெறந்தா எதிர்ல..." அவர் நிறுத்திக்கொண்டார். "உனக்குத் தெரியாததா?"

மேரிசெல்விக்கு விழுப்புரம், வனத்துறை, மின்வாரியம் என்று அலைந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. பஸ்ஸில் நின்றுகொண்டே போன அத்தனை தூரமும் இந்த ஒரு பாதி வாக்கியத்துக்காக. இதை முதல் நாளே அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவளை ஊர் ஊராக ஓடவிட்டிருக்கிறார். அந்த வெட்கத்துக்கும் அவள்தான் கூலி கொடுத்திருக்கிறாள்.

"அதுக்கு ஒரு வழி இருக்குது" என்றார் முருகையன். "அந்தக் கதவ செங்கல் வச்சி அடைச்சிடு. பின்பக்கம் ஒரு எட்டடி சுவர் எழுப்பிடு. நாளைக்கே கையெழுத்து போடறேன்."

அவள் வெளியே வந்துவிட்டாள். 

சவரிமுத்து லாரியை விட்டுவிட்டு வந்து குளித்துச் சாப்பிட உட்காரும் வரைக்கும் பொறுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அடைச்சிட்டா என்ன மேரி? வீடு நிக்கும் இல்ல. முன்னால வாசல் இருக்குது, அது போதாதா?"

"உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா?"

அவன் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும். அன்னிக்கு திருமுருகன் எடம் காட்டினப்பவே தெரிஞ்சிது. நீயா புரிஞ்சிப்பன்னு இருந்தேன்."

"நான் லீவு போட்டுட்டு தெரு நாய் மாதிரி ஆபீஸ் ஆபீஸா சுத்தறேன். நீங்க புரிஞ்சிப்பேன்னு பாத்துகிட்டு இருந்தீங்களா?"

"என்ன பண்ண சொல்ற? நான் ஓட்டற லாரிக்கு உப்பு ஏத்தறவங்க பாதி பேரு அந்தத் தெருதான். உப்பு பாத்தி முதலாளியும் அந்தத் தெருதான். நாளைக்கு லோடு இல்லன்னு சொல்லிட்டா? ஒரு கதவுக்காகவா?"

"கதவுக்காக இல்ல!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்தினார்கள். "பயந்துட்டேன்னு சொல்லுங்க. நான் ஒத்துக்கறேன். கதவுதானேன்னு சொல்லாதீங்க. சுவத்த அவன் கட்டல. என்னையே கட்ட சொல்றான். எம்மூஞ்சி தெரியாம இருக்கறதுக்கு என் கையால, என் செங்கல்லால நானே மறைச்சிக்கணுமாம்!"

சவரிமுத்து தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான். அதற்கப்புறம் பல நாள் இரண்டு பேருக்கும் நடுவில் "சாப்பாடு இருக்குது", "கரண்ட் போயிடுச்சி" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

மே மாதம் முதல் தேதி கிராம சபை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். கடற்காற்று செத்துப்போய், உப்பளத்திலிருந்து கண்ணைக் குத்துகிற வெளிச்சம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாற்காலிகளில் மேட்டுத்தெரு. பின்னால் ஜமுக்காளத்தில் காலனி. யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான். மேரிசெல்வி நேராக நடந்துபோய் முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். சவரிமுத்து கடைசியில், பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக நின்றிருந்தான்.

ஒன்றியத்திலிருந்து கூட்டத்தைக் கவனிக்க ஓர் அதிகாரி வந்திருந்தார். குடிநீர், நூறு நாள் வேலை, தெருவிளக்கு என்று தீர்மானங்கள் படிக்கப்பட்டன. "வேற ஏதாவது இருக்குதா?" என்று அவர் கேட்டதும் மேரிசெல்வி எழுந்தாள்.

"என் வீட்ட என் சொந்த எடத்துல பின்னால நகத்தறதுக்கு அனுமதி கேட்டிருக்கேன். கேட்ட பேப்பர் எல்லாம் குடுத்துட்டேன். யாரோ ஆட்சேபம்னு சொல்றாங்க. யாரு, என்ன ஆட்சேபம்னு இந்தச் சபையில தெரிஞ்சிக்கணும்."

"அத அப்புறம் ஆபீஸ்ல பேசிக்கலாம் மேரி" என்றார் முருகையன்.

"இல்ல. இங்கதான். எங்கிட்ட என்ன சொன்னியோ அத இவங்க முன்னால சொல்லு, முருகையா."

சாமியானாவுக்குள் ஒரு சலசலப்பு. ஒருவன் எழுந்துவிட்டான். "தலைவர போயி நீ, வான்னு பேசறியா? மரியாத இல்ல?"

"என்னைய முப்பது வருஷமா அவரு நீன்னுதான் கூப்பிடறாரு. நான் நீங்கன்னு கூப்பிடறேன். ரெண்டு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட அடி வாங்கினவங்கதான். யாருக்காவது இதுவரைக்கும் உறுத்திச்சா? இன்னிக்கு ஒரு நாள் நானும் கூப்பிடறேன். உக்காரு."

அவன் உட்காரவில்லை. ஆனால் பேசவும் இல்லை. ஒன்றியத்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆட்சேபம் உள்ளவங்க யாரா இருந்தாலும் எழுந்து பேரு சொல்லி காரணத்த சொல்லுங்க. நான் அப்படியே பதிவு பண்ணிக்கறேன்."

யாரும் எழவில்லை. பேரையும் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அடுத்து எந்தச் சட்டம் வரும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கடைசியில் ஒரு பெரியவர், "அந்த மண்ணு ஈரம் சார், வீடு தாங்காது" என்றார்.

"புயல் மழையில உங்க தெருவுல கணுக்கால் தண்ணியாவது நின்னுச்சா?" என்று மேரிசெல்வி கேட்டாள். "நாங்க என் மாடி மேல ஏறி நின்னு உங்க தெரு காஞ்சி கெடந்தத பாத்தோம்." ஜமுக்காளத்தில் யாரோ சிரித்தார்கள்.

முருகையனின் அண்ணன் நான்காவது நாற்காலியில் இருந்தார். கையில் பிளாஸ்திரி. முந்தின நாள் அவள் ஒட்டியது. அவரைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நோயாளியாக வருகிற மனுஷனின் உடம்பை நடுச்சபையில் இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை.  அவர் தானாகப் பேசுவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது சின்னப்பாப்பா எழுந்தாள். மேட்டுத்தெரு முனையில் இட்லிக்கடை வைத்திருப்பவள். வீடு வந்து உட்கார்ந்தால் நேர் எதிரே அவள் கடைதான் வரும்.

"அந்தப் பொண்ணு வீடு எங்கடைக்கு எதிர்லதான் வருதாம். என் பேர சொல்லித்தான் ஆட்சேபம்னு ஊரெல்லாம் பேச்சு. எங்கிட்ட எவன் வந்து கேட்டான்? நான் சொன்னனா? எவனோ பின்னால ஒளிஞ்சிக்க எம்பொடவதான் கெடச்சிதா?"

அவள் மேரிசெல்விக்காகப் பேசவில்லை. தன் பெயரை எடுத்துக்கொண்ட கோபத்தில் பேசினாள். ஆனால் அது போதுமானதாக இருந்தது. "ஆட்சேபம் எதுவும் இல்லை" என்று அதிகாரி சிலம்பரசனிடம் எழுதச் சொன்னார். சிலம்பரசன் வேகமாக எழுதினான். முருகையன் மேரிசெல்வியைப் பார்க்காமல் அனுமதிப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார்.

ஜூனில் திருமுருகனின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பெரும்பாலும் பீகார்ப் பையன்கள். வீட்டைச் சுற்றிக் குழி வெட்டி, அடியில் வரிசை வரிசையாக ஜாக்கிகளைக் கொடுத்து, ஒருவன் விசில் ஊத எல்லாரும் ஒரே நேரத்தில் கம்பியைத் திருப்பினார்கள். வீடு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எழும்பியது. பிறகு இரும்புப் பாதையில் பின்னால் நகர ஆரம்பித்தது. நடுப்பள்ளத்தில் கட்டைகளை அடுக்கி அதன் மேல் பாதை போட்டுக் கடத்தினார்கள். தினமும் டூட்டி முடிந்து வந்தால் வீடு கொஞ்சம் தள்ளி நிற்கும். காலனிப் பிள்ளைகள் ஐஸ் வாங்கித் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மேட்டுத்தெருவில் மாடிகளில் நின்று பார்த்தார்கள். சவரிமுத்து லாரிக்குப் போகாத நாளெல்லாம் பையன்களோடு சேர்ந்து இரும்பு தூக்கினான். மேரிசெல்வியோடு ஒன்றிரண்டு வார்த்தை பேசவும் ஆரம்பித்திருந்தான்.

வீடு போய் உட்கார்ந்தது. அடித்தளத்தோடு சேர்த்துக் காங்கிரீட் போட்டார்கள். ஒரு விரிசல் இல்லை. பின்கதவைத் திறந்தால் வேலிகாத்தான் இருந்த இடத்தில் வெட்டவெளி, நாலு எட்டு வைத்தால் சிமென்ட் தெரு, எதிரே சின்னப்பாப்பாவின் கடை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மேரிசெல்வி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது தெரிந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தாள். தெருவோரத்தில், அவள் நிலத்தின் எல்லைக்கு வெளியே, நூல் கட்டிச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முழங்கால் உயரம் வந்திருந்தது. அவள் கதவுக்கு நேராக, வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். கொத்தனார்கள் வெளியூர். சுற்றி மேட்டுத்தெரு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். முருகையன் இல்லை. சவரிமுத்து சமையலறைப் படியில் நின்றுகொண்டிருந்தான். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன இது?"

"தெருவுக்கு பாதுகாப்பு சுவர்" என்றான் ஒருவன். கிராம சபையில் மரியாதை பற்றிக் கேட்டவன் அவன்தான்.

"தெரு பஞ்சாயத்து எடம். இதுக்கு எந்த ஆபீஸ்ல அனுமதி வாங்கினீங்க? காட்டு. என் வீட்ட என் மண்ணுல நகத்த நான் நாலு ஆபீஸு ஏறி எறங்கினேன். பொதுத் தெருவுல சுவர் கட்ட உங்களுக்கு எவன் குடுத்தான்?"

"ஊர் குடுத்துது" என்றான் அவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

மேரிசெல்வி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.  அப்போது சவரிமுத்து படியிலிருந்து இறங்கி வந்தான்.  கொத்தனார் கட்டியிருந்த நூலைப் பிடித்து இழுத்து அறுத்தான். குனிந்து மேல்வரிசையிலிருந்து ஒரு செங்கல்லைப் பெயர்த்தான். ஈரச் சிமென்ட் பிசுபிசுவென்று விட்டது. அதைத் தன் காலடியில் வைத்தான். அடுத்ததை எடுத்தான்.

"டேய், கைய வைக்காத!"

அவன் மூன்றாவதை எடுத்தான். ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். சவரிமுத்து கலவைக் குவியல் மேல் மல்லாந்து விழுந்தான். எழுந்தான். முதுகெல்லாம் சிமென்ட். மறுபடி வந்து குனிந்து நான்காவது செங்கல்லைப் பெயர்த்தான். தள்ளியவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேரிசெல்வி போனில் போலீஸைக் கூப்பிட்டுக்கொண்டே அவன் பக்கத்தில் போய் நின்றாள். காலனியிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. சின்னப்பாப்பா கடை ஷட்டரை இறக்கிவிட்டாள்.

போலீஸ் ஜீப் வந்தது. அதற்குப் பின்னால் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கொத்தனார்கள் சட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். "ரெண்டு பக்கமும் அமைதியா போங்க, நாளைக்கு பேசிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு பக்கம்னு எத சொல்றீங்க சார்?" என்று கேட்டாள் மேரிசெல்வி. "ஒரு பக்கம்தான் சுவர் கட்டிச்சு."

மறுநாள் காலையில் முருகையன் வந்தார். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தனக்கு இதில் எதுவும் தெரியாது, பசங்க அவசரப்பட்டுவிட்டார்கள் என்றார். புகார் என்று போனால் பசங்க வாழ்க்கை போய்விடும், ஊரில் நிம்மதி இருக்காது என்றார்.

"உள்ள வந்து உக்காந்து பேசு" என்றாள் மேரிசெல்வி.

"இருக்கட்டும், இங்கயே சொல்லிட்டு போயிடறேன்."

"அப்ப பேச ஒண்ணுமில்ல."

அவர் சவரிமுத்துவைப் பார்த்தார். இத்தனை நாளும் இந்த வீட்டில் தழைந்து போகிற ஆள் அவன்தான் என்று அவருக்குத் தெரியும். "நீயாவது சொல்லேம்பா. நாளைக்கு லோடு ஏத்தணும் இல்ல?"

சவரிமுத்து முந்தின நாள் சட்டையின் முதுகில் ஒட்டியிருந்த காய்ந்த சிமென்டை அதுவரைக்கும் சுரண்டிக்கொண்டிருந்தான். நிறுத்தினான். உள்ளே போய் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். "மேரி, கெளம்பு. ஒன்பதேகால் பஸ்ஸு போயிட போவுது" என்றான்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர், யார் புகார் கொடுப்பது என்று கேட்டபோது மேரிசெல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் சவரிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"நான் சொல்றேன் சார். தள்ளினது யாரு, கூட யாரு யாரு இருந்தாங்க, எல்லாம் பேரோட சொல்றேன். ஏன் கட்டினாங்கன்னும் சொல்றேன். அந்த வார்த்தய அப்படியே எழுதுங்க, மாத்தாதீங்க."

விசாரணை இன்னும் முடியவில்லை. தாசில்தார் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். சுவரை இடிக்க உத்தரவு வரவேண்டுமாம். சவரிமுத்துவுக்குப் பழைய முதலாளியிடம் லோடு நின்றுவிட்டது. இப்போது கோட்டக்குப்பத்திலிருந்து ஜல்லி லாரி ஓட்டுகிறான். முருகையனின் அண்ணன் வாரம் தவறாமல் வருகிறார், கையை நீட்டுகிறார். மேரிசெல்வி ஊசி போடுகிறாள், வலிக்காமல். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுக்குக் கோபம் குறைந்துவிட்டதா என்று வார்டில் ஜான்சி சிஸ்டர் கேட்டபோது, "எதுக்குக் குறையணும்?" என்று திருப்பிக் கேட்டாள்.